கிரீடம் இறங்கியது, அரசர் இறங்கவில்லை

ரெய்க்யவிக் நகரின் நடுவில் ஆஸ்துர்வோட்லுர் என்றொரு சிறிய புல்வெளி. அதன் தென்புறத்தில், உள்ளூர்ப் பாறையை வெட்டிக் கட்டிய சாம்பல் நிறக் கட்டடம் ஒன்று நிற்கிறது. 1881இல் எழுந்த அந்தக் கட்டடம்தான் ஐஸ்லாந்தின் நாடாளுமன்றம். அண்ணாந்து பார்த்தால் உச்சியில் ஒரு கிரீடமும், டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியனின் பெயரைக் குறிக்கும் எழுத்தும் தெரியும். ஐஸ்லாந்து அரசரோடு கணக்கு முடித்து எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. கல்லில் வடித்த கிரீடம் மட்டும் இன்னும் அங்கேயே இருக்கிறது.

அது இருந்துவிட்டுப் போகட்டும். பழைய கட்டடத்தில் பழைய காலத்தின் அடையாளம் இருப்பதில் தவறில்லை. கண்ணுக்குத் தெரியும் கிரீடத்தால் யாருக்கும் தீங்கில்லை. தெரியாத கிரீடம் ஒன்று அந்நாட்டின் அரசியல் சாசனத்துக்குள் உட்கார்ந்திருக்கிறது. பேச வேண்டியது அதைப் பற்றித்தான். நான்கு லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் இந்தத் தீவு தன் சின்னங்களை அரசரிடமிருந்து ஒவ்வொன்றாக மீட்டது. சட்டப் புத்தகத்துக்கு வந்தபோது மட்டும் பாதி வேலையோடு நின்றுவிட்டது.

சின்னங்களின் கதை சுவாரசியமானது. இன்றைய தேசிய இலச்சினையில் கொடியின் வடிவில் ஒரு கேடயம். அதைச் சுற்றிக் காளை, பெரும் பறவை, டிராகன், கையில் தடி ஏந்திய மலைப் பூதம் ஆகிய நான்கு காவலர்கள். எரிமலைக் குழம்பு உறைந்த பாறையின் மேல் அவர்கள் நிற்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் ஸ்னோரி ஸ்டுர்லூசொன் எழுதிய நோர்வே அரசர்களின் வரலாற்றிலிருந்து வந்தவர்கள் இவர்கள். டேனிய அரசர் ஹரால்டின் அதிகாரி, கரை ஒதுங்கிய ஐஸ்லாந்துக் கப்பலின் சரக்கைப் பறித்துக்கொண்டான். ஐஸ்லாந்துக்காரர்கள் படை திரட்டவில்லை. நம் புலவர்கள் அறம் பாடியதுபோல, நாட்டில் எத்தனை மூக்கு உண்டோ அத்தனை வசைப்பாட்டு அரசர்மேல் பாடுவது என்று முடிவெடுத்தார்கள். கொதித்துப் போன அரசர் ஒரு மந்திரவாதியைத் திமிங்கில வடிவில் வேவு பார்க்க அனுப்பினார். கிழக்கே வோப்னஃப்யோர்துரில் டிராகன் விரட்டியது. வடக்கே ஏயாஃப்யோர்துரில் பறவை விரட்டியது. மேற்கே காளை, தெற்கே பூதம். கரை ஏற இடமில்லாமல் திமிங்கிலம் திரும்பிப் போனது.

தேசிய இலச்சினை என்றால் சிங்கம், கழுகு, வாள் என்று வென்றவர்களின் அடையாளங்கள்தாம் உலகெங்கும் பெரும்பாலும் காணக் கிடைக்கும். வெளியிலிருந்து வந்த அதிகாரத்தைக் கரை ஏற விடாமல் திருப்பி அனுப்பிய எல்லைத் தெய்வங்களைத் தன் இலச்சினையாக ஒரு நாடு வைத்திருக்கிறது. அதுவும் டேனிய அரசரின் ஆளைத் திருப்பி அனுப்பிய தெய்வங்களை. இதில் ஒரு குறும்பு உண்டு. 1919இல் இந்த நால்வரும் அதிகாரபூர்வமாக இலச்சினையில் ஏறியபோது, கேடயத்தின் தலையில் டேனிய அரசரின் கிரீடமும் இருந்தது. தாங்கள் விரட்டிய அரச வம்சத்துக்கே அவர்கள் 25 ஆண்டுகள் பல்லக்குத் தூக்கினார்கள்.

அதற்கு முந்தைய சின்னங்கள் இன்னும் மோசம். 1903 வரை ஐஸ்லாந்தைக் குறித்தது தலை வெட்டி, பிளந்து காயவைத்த ஒரு கருவாடு. அதற்கு மேலே ஒரு கிரீடம். வயிற்றுப்பாட்டுக்கு மீனை நம்பியவர்கள்கூட நாட்டின் அடையாளமாகக் கருவாட்டைப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள். பிறகு வெள்ளை வல்லூறு வந்தது. 1944இல் கிரீடம் நீங்கியது. ட்ரிக்வி மாக்னூசொன் என்ற ஓவியர் நான்கு காவலர்களையும் புதிதாக வரைந்தார். இன்றைக்கும் ஒரு குரோனா நாணயத்தில் ஒரு முகத்தில் மலைப் பூதமும் மறு முகத்தில் காட் மீனும் இருக்கின்றன. அந்த மீனுக்குக் கட்டுரையின் பின்பகுதியில் வேலை இருக்கிறது.

கொடியின் வரலாறு இன்னும் விறுவிறுப்பானது. 1913 ஜூன் 12 அன்று ஐனார் பியெதுர்சொன் என்ற இளைஞர் ரெய்க்யவிக் துறைமுகத்தில் ஒரு சின்னப் படகில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். படகில் நீல நிறத்தில் வெள்ளைச் சிலுவை கொண்ட கொடி. கவிஞர் ஐனார் பெனடிக்ட்சொன் 1897இல் முன்மொழிந்த, அரசு ஏற்காத கொடி அது. துறைமுகத்தில் நின்ற டேனிய ரோந்துக் கப்பல் அதைப் பறிமுதல் செய்தது. கப்பலின் பெயர் ‘ஐஸ்லாந்தின் வல்லூறு’ என்று பொருள்படுவது. ஐஸ்லாந்தின் சின்னத்தைத் தன் பெயராக வைத்துக்கொண்ட கப்பலே ஐஸ்லாந்துக்காரரின் கொடியைப் பிடுங்கியது. செய்தி பரவியதும் நகரமெங்கும் நீல–வெள்ளைக் கொடிகள் முளைத்தன. கப்பலைச் சுற்றிப் படகுகள் அதே கொடியோடு வலம் வந்தன. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை.

இரண்டே ஆண்டில் அரசர் இறங்கிவந்தார். கிரேக்க அரச கொடியைப் போல இருக்கிறது என்ற ஆட்சேபத்தால் வெள்ளைச் சிலுவைக்குள் சிவப்புச் சிலுவை சேர்ந்தது. 1915 ஜூன் 19 அன்று கொடிக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே நாளில்தான் நாற்பது வயது கடந்த பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை தரும் அரசியல் சாசனத் திருத்தத்திலும் அரசர் கையெழுத்திட்டார். துணியும் உரிமையும் ஒரே நாளில் வந்த நாடு என்று ஐஸ்லாந்தைச் சொல்லலாம். இப்போதைய கொடிச் சட்டம் காலை ஏழு மணிக்கு முன் கொடியேற்றக் கூடாது, சூரியன் மறைந்தபின் பறக்க விடக் கூடாது என்கிறது. ஆனால் ஜூன் மாதத்து ஐஸ்லாந்தில் சூரியன் மறைவதற்குள் நள்ளிரவே வந்துவிடுமே! அதையும் யோசித்து, எப்படியானாலும் நள்ளிரவைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.

இவை எல்லாம் வந்து சேரும் இடம் திங்வெல்லிர். இரண்டு கண்டத் தட்டுகள் மெல்ல விலகும் பிளவுப் பள்ளத்தாக்கில் 930ஆம் ஆண்டு ஆல்திங் என்ற பேரவை கூடத் தொடங்கியது. நாட்டுக்கு அரசர் இல்லை, நிர்வாகம் இல்லை, காவல்துறை இல்லை. சட்டம் மட்டும் இருந்தது. அதுவும் ஏட்டில் இல்லை. சட்டம் உரைப்பவர் என்ற ஒருவர் மூன்றாண்டுப் பதவிக்காலத்தில் ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக முழுச் சட்டத்தையும் மனப்பாடமாகச் சொல்வார். 1000ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்தவமா பழைய தெய்வங்களா என்று நாடு இரண்டாகப் பிளக்கப் போனபோது, சட்டம் உரைப்பவரான தோர்கெய்ர் ஒரு பகலும் ஓர் இரவும் போர்வைக்குள் படுத்து யோசித்துவிட்டு எழுந்து தீர்ப்புச் சொன்னார்: எல்லோரும் கிறிஸ்தவர் ஆகலாம், வீட்டுக்குள் பழைய தெய்வத்துக்குப் படைப்பதை வெளியே தெரியாமல் செய்துகொள்ளலாம். தோர்கெய்ர் பழைய தெய்வங்களை வணங்கியவர் என்பதுதான் இதில் முக்கியம்.

உலகின் மிகப் பழைய நாடாளுமன்றம் என்ற பெருமையைச் சுற்றுலாக் கையேடுகள் சலிக்காமல் சொல்கின்றன. அதை அப்படியே விழுங்க வேண்டியதில்லை. அங்கே முடிவெடுத்தவர்கள் குறுநிலத் தலைவர்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் குரல் கிடையாது. அதே திங்வெல்லிரின் ஆற்று மடுவில், 16ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை, ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட பெண்களை மூழ்கடித்துக் கொன்றார்கள். 1262–64இல் தலைவர்களின் சண்டையால் களைத்துப்போன நாடு நோர்வே அரசருக்குக் கட்டுப்பட்டது. இலச்சினைக் கதையை எழுதிய ஸ்னோரியே இருமுறை சட்டம் உரைப்பவராக இருந்தவர். நோர்வே அரசவையோடு உறவாடி, கடைசியில் அந்த அரசரின் விருப்பப்படியே 1241இல் கொல்லப்பட்டார். பின்னர் டேனிய அரசரின் ஆட்சிக்குள் வந்த நாட்டில், 1800இல் ஆல்திங் கலைக்கப்பட்டது. 1845இல் ஆலோசனைச் சபையாக மீண்டது. எனவே தொடர்ச்சி என்பது பாதி உண்மைதான். தங்கள் அரசின் தொடக்கம் போர்க்களத்திலோ அரண்மனையிலோ அல்லாமல் சட்டம் சொன்ன ஒரு பாறையில் இருக்கிறது என்று ஒரு மக்கள் கூட்டம் நம்புவது வேறு விஷயம். அந்த நம்பிக்கை அரசியலில் வேலை செய்திருக்கிறது.

1851ஐ எடுத்துக்கொள்ளலாம். ஐஸ்லாந்துக்கு அரசியல் சாசனம் வகுக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரவை ரெய்க்யவிக்கில் கூடியது. பேச்சு டென்மார்க்குக்குப் பிடிக்காத திசையில் போகவே, ஆளுநர் கூட்டத்தைச் சட்டென்று முடித்துவிட்டார். அப்போது யோன் சிகுர்த்சொன் எழுந்து அரசரின் பெயராலும் மக்களின் பெயராலும் எதிர்ப்புத் தெரிவித்தார். மற்ற உறுப்பினர்களும் எழுந்து, நாங்கள் எல்லோரும் எதிர்க்கிறோம் என்றார்கள். விடுதலை இயக்கத்தின் முகமாக யோன் ஆனார். அவர் பிறந்த ஜூன் 17தான் தேசிய நாள். அவருடைய சிலை ஆஸ்துர்வோட்லுர் புல்வெளியில் நாடாளுமன்றத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்கிறது.

அரசியல் சாசனம் 1874இல் வந்தது. தீவில் குடியேற்றம் தொடங்கிய ஆயிரமாவது ஆண்டு விழாவுக்கு வந்த ஒன்பதாம் கிறிஸ்டியன் கையோடு கொண்டுவந்த பரிசு அது; டென்மார்க்கின் 1849 சாசனத்தை ஒட்டி எழுதப்பட்டது. 1904இல் தன்னாட்சி, 1918இல் இறையாண்மை. ஆனால் அரசர் அதே டேனிய அரசர். 1940 ஏப்ரலில் ஹிட்லரின் படை டென்மார்க்கைப் பிடித்தது. ஒரு மாதத்தில் பிரிட்டன் ஐஸ்லாந்தில் இறங்கியது. அரசரோடு தொடர்பு அறுந்தது. 1944 மே மாத வாக்கெடுப்பில் வாக்காளர்களில் சுமார் 98 விழுக்காட்டினர் பங்கேற்றார்கள். அவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பிரிவதற்கு ஆதரவு. ஜூன் 17 அன்று கொட்டும் மழையில் திங்வெல்லிரில் ஏறத்தாழ 25,000 பேர் நனைந்தபடி நிற்கக் குடியரசு பிறந்தது. ஜெர்மானியப் பிடியில் இருந்த பத்தாம் கிறிஸ்டியன் வாழ்த்துத் தந்தி அனுப்பினார் என்பது அந்த மனிதரின் பெருந்தன்மைக்குச் சான்று.

குழப்பம் தொடங்கியதும் அந்த மழை நாளில்தான். போர்க்காலம், அவசரம்; புதிய சாசனம் எழுத நேரமில்லை. முடியாட்சியைக் குடியாட்சி ஆக்கத் தேவையான மாற்றங்களை மட்டும் செய்துவிட்டு, மீதியைப் பிறகு நிதானமாகப் பார்க்கலாம் என்று கட்சிகள் உடன்பட்டன. பெரும்பாலும் அரசர் என்று இருந்த இடத்தில் குடியரசுத் தலைவர் என்று வந்தது. ஐந்தாண்டு கழித்து, 1949இன் புத்தாண்டு உரையில், முதல் குடியரசுத் தலைவர் ஸ்வெய்ன் ப்யோர்ன்சொனே இதை இடித்துரைத்தார்: நூறாண்டுக்கு முன்பு வேறொரு நாட்டுக்காகத் தைத்த உடையை ஒட்டுப் போட்டு உடுத்திக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில். அந்த உடைதான் இன்றும்.

படித்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். ஆல்திங்கும் குடியரசுத் தலைவரும் சேர்ந்து சட்டம் இயற்றுகிறார்கள் என்கிறது இரண்டாம் பிரிவு. அமைச்சர்களை நியமிப்பவர் தலைவர். உடன்படிக்கை செய்பவர் தலைவர். 30ஆம் பிரிவின்படி சட்டங்களிலிருந்து விலக்குக் கொடுப்பவரும் தலைவர். ஆனால் 13ஆம் பிரிவு, தலைவர் தம் அதிகாரத்தை அமைச்சர்கள் மூலம் செலுத்துகிறார் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் திருப்பிவிடுகிறது. உண்மையில் ஆள்பவரான பிரதமரைப் பற்றி ஒன்றிரண்டு வரிகள்தாம். வெளிநாட்டு மாணவர் ஒருவர் இதை மட்டும் படித்தால், ஐஸ்லாந்தில் நடப்பது அதிபர் ஆட்சி என்று தேர்வில் எழுதிவிடுவார்.

ஐஸ்லாந்தில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை அல்லது தாய் பெயரோடு மகன், மகள் என்று சேர்த்துக்கொள்வார்கள். ஆகவே நாட்டின் தலைவரையும் சொந்தப் பெயரால்தான் குறிப்பிடுவார்கள். விக்டீஸ் அப்படித்தான் உலகறிந்த பெயரானார். பிரெஞ்சு ஆசிரியராகவும் நாடக இயக்குநராகவும் இருந்த விக்டீஸ் ஃபின்போகடோட்டிர் 1980இல் வென்று, மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட உலகின் முதல் பெண் குடியரசுத் தலைவர் ஆனார். ஒற்றைத் தாய். போகுமிடமெல்லாம் மூன்று மரக்கன்று நட்டார்: ஒன்று பெண் பிள்ளைகளுக்கு, ஒன்று ஆண் பிள்ளைகளுக்கு, ஒன்று இன்னும் பிறக்காதவர்களுக்கு. பதினாறு ஆண்டுகள் பதவியில் இருந்த அவர் எந்தச் சட்டத்தையும் மறுக்கவில்லை. 1993இல் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி உடன்பாட்டை மக்கள் வாக்குக்கு விடச் சொல்லிப் பல்லாயிரம் பேர் மனு கொடுத்தபோதும் கையெழுத்திட்டார். மரபு அப்படி. தலைவர் என்பவர் நடமாடும் தேசியச் சின்னம். சின்னம் அரசியல் பேசாது.

பேசத்தான் செய்யும் என்று காட்டியவர் அடுத்து வந்த ஓலாஃபுர் ராக்னர் க்ரிம்சொன். (2005இல் அப்துல் கலாம் ஐஸ்லாந்துக்கு அரசுமுறைப் பயணம் போனபோது அங்கே தலைவராக இருந்தவர் இவர்தான்.) சாசனத்தின் 26ஆம் பிரிவு, தலைவர் கையெழுத்திட மறுத்தால் சட்டம் நடைமுறைக்கு வரும், ஆனால் உடனே மக்கள் வாக்கெடுப்புக்குப் போக வேண்டும் என்கிறது. அரசருக்கு இருந்த ரத்து அதிகாரத்துக்குப் பதிலாக 1944இல் வைத்தது. அறுபது ஆண்டு தூங்கிய அந்தப் பிரிவை ஓலாஃபுர் 2004இல் ஊடகச் சட்டத்துக்கு எதிராக எழுப்பினார். அரசு சட்டத்தையே திரும்பப் பெற்றது.

பிறகு வந்தது 2008 அக்டோபர். நாட்டின் மூன்று பெரிய வங்கிகளும் ஒரே வாரத்தில் சரிந்தன. அவற்றில் ஒன்று நடத்திய ஐஸ்சேவ் என்ற இணையக் கணக்கில் பிரிட்டனிலும் நெதர்லாந்திலும் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் போட்டிருந்தார்கள். பிரிட்டன் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தைக் கொண்டு வங்கியின் சொத்தை முடக்கியது. ராணுவமே இல்லாத நாட்டின்மேல் அந்தச் சட்டம்! ஏறக்குறைய 400 கோடி யூரோ சுமையை ஐஸ்லாந்து அரசு ஏற்கும் உடன்பாட்டை ஆல்திங் நிறைவேற்றியது. வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் வேண்டாம் என்று மனுவில் கையெழுத்திட்டார்கள். 2010 ஜனவரியில் ஓலாஃபுர் மறுத்தார். மார்ச் வாக்கெடுப்பில் 93 விழுக்காடு எதிர்ப்பு. 2011இல் திருத்திய உடன்பாட்டுக்கும் 60 விழுக்காட்டளவு எதிர்ப்பு. 2013இல் ஐரோப்பியத் தடையில்லா வணிகச் சங்க நீதிமன்றம் ஐஸ்லாந்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

முடிவு நல்லதாக அமைந்தது என்பதற்காக முறையும் நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒரு மனிதரின் துணிச்சல், கணக்கு, மனநிலை ஆகியவற்றில் நாட்டின் கடன் தொங்கியது. விக்டீஸின் மேசைக்கு வந்திருந்தால் வாக்கெடுப்பே நடந்திராமல் போயிருக்கலாம். அரசர் எப்போது கருணை காட்டுவார் என்று மனுவோடு வாசலில் நிற்பதற்கும் இதற்கும் வேறுபாடு குறைவு. தலைவருக்கு மக்கள் ஆதரவும் சிலவேளை மூன்றில் ஒரு பங்குதான்: ஒரே சுற்றுத் தேர்தல், அதிக வாக்குப் பெறுபவர் வெல்வார். 1980இல் விக்டீஸுக்கும், 2024இல் பன்னிரண்டு பேர் போட்டியிட்ட தேர்தலில் வென்ற இன்றைய தலைவர் ஹல்லா தோமஸ்டோட்டிருக்கும் கிடைத்தது 34 விழுக்காட்டளவே. வேட்பாளராக நிற்கத் தேவை 1,500 பேரின் கையெழுத்து. 1944இன் சிறு நாட்டுக்கு வைத்த எண் அப்படியே நிற்கிறது.

இந்த ஓட்டைகளை அடைக்க மக்களே ஒரு சாசனம் எழுதினார்கள். 2009 ஜனவரியில் ஆஸ்துர்வோட்லுர் புல்வெளியில் பானையும் கரண்டியும் தட்டி ஓர் அரசை வீட்டுக்கு அனுப்பிய மக்கள் அவர்கள். 2010 நவம்பரில் குலுக்கல் முறையில் தேர்ந்த 950 பேர் கூடி அடிப்படை மதிப்புகளைப் பேசினார்கள். சாசனம் எழுதும் பேரவையின் 25 இடங்களுக்கு 522 பேர் போட்டியிட்டார்கள். வாக்குச் சாவடி ஏற்பாடுகளில் குறை கண்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்றது. வென்றவர்களையே ஆல்திங் ஒரு குழுவாக நியமித்துக்கொண்டது. நான்கு மாதம், இணையத்தில் வரைவை வெளியிட்டு, கருத்துக் கேட்டு, 114 பிரிவுகள் கொண்ட சாசனத்தை 2011 ஜூலையில் ஒருமனதாக ஒப்படைத்தார்கள். வாக்காளர்களில் பத்து விழுக்காட்டினர் கையெழுத்திட்டால் ஒரு சட்டம் வாக்கெடுப்புக்குப் போகும் என்றது அது. தலைவரின் மனநிலையை நம்பியிருந்த ஓர் உரிமை குடிமக்கள் கைக்கு வந்திருக்கும். 34ஆம் பிரிவு, தனியாருக்குச் சொந்தமில்லாத இயற்கை வளங்கள் நாட்டு மக்களின் பொதுச் சொத்து என்றது. 2012 அக்டோபர் வாக்கெடுப்பில் மூன்றில் இரண்டு பங்கினர் இந்த வரைவை அடிப்படையாக ஏற்றார்கள். இயற்கை வளக் கேள்விக்கு ஆதரவு 83 விழுக்காடு.

பிறகு எதுவும் நடக்கவில்லை. 2013இல் வரைவை அவையில் வாக்குக்கு விடாமலே ஆல்திங் கலைந்தது.

எங்கே இடித்தது என்று தேடினால் நாணயத்தின் மறுபக்கத்து மீன் கிடைக்கும். இங்கே இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். 1874 விழாவுக்காக மத்தியாஸ் யோக்குமசொன் எழுதி, எடின்பரோவில் வாழ்ந்த ஸ்வெய்ன்ப்யோர்ன் ஸ்வெய்ன்ப்யோர்ன்சொன் இசையமைத்த துதிப்பாடல்தான் தேசிய கீதம். ஏறத்தாழ இரண்டு ஸ்தாயி வீச்சுள்ள பாட்டு. பயிற்சி இல்லாதவர்கள் மேலே எட்டவும் முடியாது, கீழே இறங்கவும் முடியாது. இந்தக் கீதம் ஐஸ்லாந்து மக்களின் சொத்து என்கிறது 1983ஆம் ஆண்டுச் சட்டம். வணிகத்துக்குப் பயன்படுத்தவோ மாற்றிப் பாடவோ கூடாது. 1990ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் முதல் பிரிவும் அதேபோல, மீன்வளம் ஐஸ்லாந்து மக்களின் பொதுச் சொத்து என்கிறது. ஆனால் அதே சட்டம்தான் பிடிக்கும் உரிமையை, அதாவது கோட்டாவை, வாங்கவும் விற்கவும் வழிசெய்தது. பொதுச் சொத்தான பாட்டை யாரும் விற்க முடியாது. பொதுச் சொத்தான மீனின்மேல் பெருநிறுவனங்கள் எழுந்தன. இந்த முறையில் சமத்துவ உரிமை மீறல் இருக்கிறது என்று 2007இல் ஐ.நா. மனித உரிமைக் குழுவும் சொல்லிவிட்டது.

இந்த மீனுக்காகத்தான் 1958 முதல் 1976 வரை ஐஸ்லாந்து பிரிட்டிஷ் கடற்படையோடு மும்முறை மோதியது. கடலோரக் காவல் படகுகள் பிரிட்டிஷ் இழுவைப் படகுகளின் வலைக் கம்பிகளை அறுத்தன. கடைசியில் 200 கடல் மைல் எல்லையை லண்டன் ஏற்றது. எல்லைத் தெய்வங்கள் செய்ததையே அந்தப் படகுகள் செய்தன. எல்லைக்குள் இருக்கும் மீன் யாருக்கு என்று வந்தபோது அந்த வேகம் காணவில்லை. 2025 கோடையில் மீன்பிடிக் கட்டணத்தை உயர்த்தும் மசோதாவை எதிர்க்கட்சிகள் ஆல்திங் வரலாற்றிலேயே நீண்ட விவாதத்தால் இழுத்தடித்தன. பேச்சைக் கட்டாயமாக முடிக்கும், அபூர்வமாகவே எடுக்கும் விதியைப் பயன்படுத்தித்தான் அது நிறைவேறியது. கட்டணத்துக்கே இப்படி என்றால், உரிமையைச் சாசனத்தில் எழுதுவதற்கு எதிர்ப்பு எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கலாம்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. 2012இல் வாக்களித்தவர்கள் பாதிப்பேர்தான். வரைவில் சில பகுதிகள் சிக்கலானவை, தெளிவற்றவை என்று ஐரோப்பிய அவையின் வெனிஸ் ஆணையம் 2013இல் கருத்துச் சொன்னது. பழைய சாசனமும் அப்படியே உறைந்து கிடக்கவில்லை. 1991இல் ஈரவை ஓரவை ஆனது, 1995இல் மனித உரிமை அத்தியாயம் புதுப்பிக்கப்பட்டது, 1999இல் தொகுதிகள் மாறின. ஆனால் தெளிவில்லாத பகுதியைத் தெளிவாக்குவதுதானே நாடாளுமன்றத்தின் வேலை? வரைவை வெட்டித் திருத்தி வாக்குக்கு விட்டுத் தோற்கடித்திருந்தால்கூட அது ஒரு பதில். அப்போதைய பிரதமர் காட்ரின் யாக்கோப்ஸ்டோட்டிர் 2021இல் சில பிரிவுகளை மட்டும் திருத்தக் கொண்டுவந்த மசோதாவும் குழுவிலேயே உறங்கிப்போனது. அதற்கு முந்தைய ஆண்டில் 43,000க்கும் மேற்பட்டோர் புதிய சாசனம் எங்கே என்று மனுக் கொடுத்தார்கள். அதே கேள்வியை ரெய்க்யவிக் சுவரொன்றில் பெரிதாகத் தீட்டியபோது, சில நாளிலேயே அதைக் கழுவி அழித்துவிட்டார்கள். சுவரைக் கழுவுவதில் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்தால், 1851இன் ஆளுநர் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியவில்லை.

தடையாகச் சொல்லப்படுவது 79ஆம் பிரிவு. சாசனத் திருத்தம் நிறைவேறியவுடன் ஆல்திங் கலைந்து தேர்தல் நடக்க வேண்டும். புதிய ஆல்திங் அதே வாசகத்தை மீண்டும் நிறைவேற்ற வேண்டும். பதவியைப் பணயம் வைத்து யார் திருத்துவார்கள் என்று கேட்கிறார்கள். 1991, 1995, 1999 மூன்று முறையும் இதே ஆல்திங் அதைச் செய்துகாட்டியிருக்கிறது: பதவிக்காலம் முடியும் தறுவாயில் ஒருமுறை, வழக்கமான தேர்தலுக்குப் பின் ஒருமுறை. யாருடைய பதவியும் முன்கூட்டிப் பறிபோகவில்லை. இன்றைய ஆல்திங் 2024 நவம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டது. க்ரிஸ்ட்ரூன் ஃப்ரோஸ்டடோட்டிர் தலைமையில் பெண்கள் தலைமை தாங்கும் மூன்று கட்சிகளின் கூட்டணி ஆள்கிறது. 2028க்குள் தேர்தல் எப்படியும் வரும். அதற்கு முந்தைய கடைசிக் கூட்டத்தொடரில் இரண்டே பிரிவுகளை, இயற்கை வளத்தையும் பத்து விழுக்காட்டு மனுவையும், வாக்குக்கு விட நேரம் இருக்கிறது. 83 விழுக்காட்டினர் ஏற்ற ஒன்றை எதிர்க்க விரும்பும் உறுப்பினர்கள் எதிர்க்கட்டும். ஆனால் அந்த வாக்கைப் பெயரோடு பதிவுசெய்துவிட்டு மக்களிடம் ஓட்டுக் கேட்கப் போகட்டும்.